முந்தியில குத்தின சாவி

ஷூவத்தான பாக்கீங்க? பாருங்க அண்ணாச்சி, தப்பில்ல. வேட்டியக் கட்டிக்கிட்டு கீழ இந்த ஆரஞ்சு கலர் ஷூவ மாட்டியிருந்தா யாருதான் பாக்கமாட்டா. கண்டக்டரும் பாத்துட்டுத்தான் டிக்கெட் கிழிச்சாரு. வேட்டிக்குள்ள டவுசர் வேற போட்டிருக்கேன். கிறுக்கெல்லாம் இல்ல. ஓடுத ஆளு. எட்டு வருசமா ஓடுதேன்.

நான் தென்காசில எறங்கணும். நீங்க செங்கோட்டையா? அப்ப நல்லதாப் போச்சு. ஆலங்குளம் வரைக்கும் பேசிக்கிட்டு வருவோம், அதுக்கு மேல நீங்க தூங்கிக்கிடுங்க. எனக்கு பஸ்ஸுல தூக்கம் வராது. பஸ்ஸே ஏறாத ஆளு நான். வீட்ல கார் நிக்கி. நின்னுச்சு. அதத்தான் சொல்ல வாரேன்.

எம்பேரு குத்தாலிங்கம். பாளையங்கோட்டை. பொதுப்பணித் துறைல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர்டு ஆனவன். அம்பத்துமூணு வயசுல சுகர்னு சொல்லிட்டாவ. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நான் ஓடினேன். எதுலயும் ஒரு படி கூடப் போறது என் சுபாவம். வெடியக்காலம் கார எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போவேன். அங்க வண்டிய நிறுத்திட்டு ரோட்டு வழியா பத்து கிலோமீட்டர் ஓடி, திரும்பக் கிரவுண்டுக்கு வந்து, கார எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருவேன். "ஓடுததுக்கு கார்ல போவணுமாக்கும்"னு எங்க வீட்ல கேட்டா. செண்பகவல்லின்னு பேரு, செம்பகம்னு கூப்புடுதது. அவளுக்கு அதெல்லாம் வெளங்காதுன்னு நான் பதில் சொல்லல.

ஓடுததுல என்ன கஷ்டம்னு நெனக்கீங்க? மூச்சு வாங்கும்பாவ, முட்டி தேயும்பாவ. அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கார் சாவிதான் கஷ்டம். இப்பத்த சாவி என்ன சாவியாவா இருக்கு? சோப்பு டப்பா கணக்கா இருக்கு. டவுசர் பையில போட்டா, ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில டொக்கு டொக்குன்னு அடிக்கும். பத்து கிலோமீட்டருக்கு எத்தன எட்டுன்னு பாத்துக்கிடுங்க. தொட கன்னிப் போச்சு. ஒரு நா அது பையில இருந்து துள்ளி விழுந்து, வந்த வழியெல்லாம் திரும்ப நடந்து தேடினா, ஒரு டீக்கடைக்கு முன்னால சாக்கடை ஓரத்துல கெடந்தது. அன்னைக்கோட பையில போடுதத விட்டேன்.

சாக்ஸுக்குள்ள சொருகினேன். கணுக்கால் தோலு உரிஞ்சு, சுகர் உடம்பு, ஆறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. டயருக்கு மேல வச்சுட்டுப் போவலாம்னாவ. நமக்கு மனசு கேக்கல. பாதி ஓட்டத்துல திரும்பி ஓடி வந்து டயரத் தடவிப் பாத்துட்டு மறுபடி ஓடுவேன். அது ஓட்டமா?

கடைசில அரைஞாண் கயித்துல கட்டினேன். நல்ல யோசனைதான? ஆடாது, விழாது. எடுக்கணும்னா நாமளா அவுத்தாத்தான் உண்டு. ஆனா அதுல பொத்தான் இருக்குல்லா. எனக்குக் கொஞ்சம் தொந்தி. ஓடி முடிச்சு, வண்டி பக்கத்துல நின்னு, காலத் தொடணும்னு குனிஞ்சா தொந்தி பொத்தான அமுக்கும், கார் கீகீன்னு தொறக்கும். நிமிந்து மறுபடி குனிஞ்சா பூட்டும். கூட ஓடுதவங்க எல்லாம், "குத்தாலிங்கம் சார், கார் ஒங்களுக்கு வணக்கம் சொல்லுது"ன்னு சிரிச்சாவ. வேர்வைல அந்தப் பொத்தானும் ஒரு நா செத்துப் போச்சு.

அப்பத்தான் ஒரு யோசன வந்துச்சு. வீட்ல ஒருத்தி சும்மாத்தான இருக்கா. அஞ்சு மணிக்கு எந்திரிக்கா, வாசத் தெளிக்கா, காப்பி போடுதா. அதுக்கு மேல அந்த நேரத்துல என்ன வேல? "செம்பகம், நீயும் வா"ன்னேன். அவளுக்கு மொகமெல்லாம் சந்தோசம். நல்ல சேலை ஒண்ணு உடுத்திக்கிட்டு, காலுக்கு அடைச்ச செருப்பு போட்டுக்கிட்டு வந்தா. நடக்கக் கூப்புடுதேன்னு நெனச்சிருக்கா.

கிரவுண்டு வாசல்ல ஒரு வாக மரம், அதுக்குக் கீழ ஒரு சிமெண்டு பெஞ்சு. அதுல உக்கார வச்சு, சாவியக் குடுத்தேன். அவ அத முந்தியில முடிஞ்சு, தாலிச் சங்கிலில கெடந்த ஊக்க எடுத்து மேல ஒரு குத்துக் குத்திக்கிட்டா. பாத்ததும் எனக்கு நிம்மதி. பேங்கு லாக்கர் தோத்துது. "எங்கயும் போயிராத, இங்கயே இரு. நான் வந்து தேடக் கூடாது"ன்னு சொல்லிட்டு ஓடினேன் பாருங்க, அன்னைக்கு ஓடின மாதிரி என் வாழ்க்கையில ஓடினது கெடையாது. உடம்புல ஒரு சாமான் இல்ல. காத்து மாதிரி போனேன்.

மறுவாரம் போனையும் அவகிட்டயே குடுத்துட்டேன். அப்பறம் துண்டு, தண்ணி பாட்டில், கண்ணாடி. ஆறு வருசம் அண்ணாச்சி. ஒரு நா கூட சாவி தொலஞ்சது கெடையாது. மழைக்கும் குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அத நான் சொல்லத்தான் செய்யணும்.

எங்க குழுவுல மொத்தம் பதினோரு பேரு. இதப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா, "அக்கா, இதையும் கொஞ்சம் வச்சுக்கிடுங்க"ன்னு சாவியக் குடுக்க ஆரம்பிச்சாவ. நாந்தான், "தாராளமாக் குடுங்க, அவ சும்மாத்தான் இருக்கா"ன்னேன். அதுக்குன்னு ஒரு சுருக்குப் பை தச்சா. எந்தச் சாவி யாருதுன்னு கேக்கவே மாட்டா. ஆளு ரோட்டுல திரும்பும்போதே சாவி கையில நிக்கும். சாவியக்கா சாவியக்கான்னு ஊரெல்லாம் பேரு. மூணாம் வருசம் ஆண்டு விழா வச்சு அவளுக்குப் பொன்னாட போத்துனோம். மைக்குல செயலாளர் எங்கிட்ட, "அம்மா பேரு என்ன சார்"னு கேட்டாரு. "சாவியக்கான்னே சொல்லுங்க, அப்பத்தான் எல்லாருக்கும் தெரியும்"னேன். கைதட்டல் பாக்கணுமே நீங்க. செம்பகந்தான் அந்தப் பொன்னாடைய வீட்டுக்கு வந்து மடிச்சு வச்சவ அப்பறம் எடுக்கவே இல்ல.

ஒரு நா மட்டும் கேட்டா. "முட்டி பிடிச்சுக்கிடுது, நீங்க வரதுக்குள்ள ரெண்டு சுத்து நடக்கட்டா"ன்னு. "நீ நடந்தா சாவியும்லா நடக்கும்"னேன். எல்லாரும் சிரிச்சாவ. அவளும் சிரிச்சான்னுதான் நெனக்கேன்.

கொஞ்சம் ஜன்னலச் சாத்திக்கிடுதீங்களா? காத்து காதுக்குள்ள போவுது. போதும், போதும்.

அதுக்கப்பறம் ஒரு ஒண்ணர வருசம் முந்தி இருக்கும், வண்டில சின்னச் சின்னதா ஒரு கோளாறு. நான் ஓடிட்டு வந்து ஏறினா முட்டங்கால் இடிக்கும். சீட்டு முன்னால நகந்து கெடக்கும். பின்னால பாக்குத கண்ணாடி கீழ குனிஞ்சு கெடக்கும். "உள்ள உக்காந்தியா செம்பகம்"ம்பேன். "ஆமா, கொஞ்ச நேரம் உக்காந்தேன்"பா. பெட்ரோல் வேற குடிச்சுது. மெக்கானிக்குட்ட போயி சத்தம் போட்டேன். அவன் அத இதக் கழட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்ல சார்னான். தொழில் தெரியாதவன்னு வேற மெக்கானிக்குட்ட போனேன்.

இன்னொண்ணு. ஏழு மணிக்கு அந்த எடத்துல வெயில் சுள்ளுனு எறங்கும். எல்லார் காரும் கொதிக்கும். என் கார் மட்டும் நெழல்ல நிக்கும். "சூரியன் எங்க வரும்னு கணக்குப் பாத்து நிறுத்தணும், சும்மா கொண்டு போயி விடக் கூடாது"ன்னு நான் பத்துப் பேருக்கும் பாடம் நடத்துவேன். அவ பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பா.

அவ பேருக்கு ஒரு கவர் வந்துச்சு. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவளுக்கு என்ன பெரிய தபால் வரப்போவுதுன்னு பிரிக்காம டிவி மேல வச்சேன். மறுநா அது அங்க இல்ல. நான் கேக்கவும் இல்ல.

சரி, அவ தங்கச்சி கதைக்கு வாரேன். உலகம்மான்னு பேரு, உலகுன்னு கூப்புடுதது. செங்கோட்டை, உங்க ஊருதான். புருசன் போயி நாலு வருசம் ஆவுது. ஒரே மகன், மஸ்கட்ல இருக்கான். உலகுவுக்குப் போன ஐப்பசில இருந்து கிட்னி சரியில்ல. காலு வீங்கிப் போச்சு. "ஒரு ஞாயித்துக்கெழம கார்ல போயிப் பாத்துட்டு வருவோம்"னு செம்பகம் சொன்னா. ஞாயித்துக்கெழமதான் எங்களுக்கு நீள ஓட்டம், பதினெட்டு கிலோமீட்டர். அத விட முடியுமா? மாசில அரை மாரத்தான் வருது. "மாரத்தான் முடியட்டும்"னேன். "அப்ப நான் மட்டும் பஸ்ல போறேன்"னா. "நீ போயிட்டா சாவி?"ன்னேன்.

தப்பா கேட்டேனா? பதினோரு பேரு நம்பி இருக்காவல்லா. ஒரு பொறுப்புன்னு ஏத்துக்கிட்டா அதப் பாக்கணும்ல. ராத்திரி தங்கச்சிட்ட போன்ல பேசும்போது, "மாரத்தான் முடியட்டும்"னு அவளும் அதையேதான் சொன்னா. அத நான் கேட்டேன்.

மாரத்தான் நம்ம கிரவுண்டுலதான் ஆரம்பம், அங்கதான் முடிவு. அன்னைக்கு நான் சாவி, போன், பர்சு, வேட்டி, சட்ட எல்லாத்தையும் அவகிட்டக் குடுத்துட்டு ஓடிட்டேன். இருவத்தொரு கிலோமீட்டர். ரெண்டு மணி பதினாலு நிமிசம். என் வாழ்க்கையில அதுதான் நல்ல நேரம். கழுத்துல மெடல மாட்டிவிட்டாவ. அவகிட்டக் காட்டணும்னு பெஞ்சுக்கு வந்தா, பெஞ்சுல டெய்சி டீச்சர் உக்காந்திருக்கு, மடில நம்ம சுருக்குப் பை. டெய்சி டீச்சர்னா, டிரைவிங் ஸ்கூல் நடத்துத பொம்பள. காலைல அந்தப் பக்கம் எல் போர்டு காரக் கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கும்.

"எங்க வீட்ல எங்கம்மா?"ன்னேன்.

"அவங்க தங்கச்சிக்கு மூச்சுத் திணறுதுன்னு போன் வந்துச்சு சார். ஒங்களக் கூப்புடலாம்னா ஒங்க போனும் அவங்க கையிலதான இருக்கு. அக்கா செங்கோட்டைக்குப் போயிட்டாங்க."

"எதுல?"

"கார்லதான்."

"யாரு ஓட்டிக்கிட்டுப் போறா?"

அந்தப் பொம்பள என்னய ஒரு பார்வ பாத்துது. "அக்காதான் சார்."

"அவளுக்கு சைக்கிளே தெரியாதும்மா"ன்னேன்.

"லைசென்ஸ் வாங்கி ஒரு வருசம் ஆச்சு சார். எங்கிட்டப் படிச்சதுலயே ரிவர்ஸ் நல்லா எடுக்கது அக்காதான். தெனமும் ஒங்க வண்டிய வெயில் வரதுக்கு முந்தி நெழலுக்கு மாத்தி நிறுத்துவாங்களே, பாத்ததில்லையா?"

பக்கத்துல பத்துப் பேரும் நிக்காவ அண்ணாச்சி. ஒருத்தர் சிரிக்கல. சிரிச்சிருந்தா கூட நல்லாருந்திருக்கும். பை நெறைய அவங்கவங்க சாவி பத்திரமா இருக்கு. என் சாவி மட்டும் இல்ல. நான் டவுசரோட, கழுத்துல மெடலோட நிக்கேன். வேட்டி, சட்ட, பர்சு, எல்லாம் செங்கோட்டைக்குப் போய்க்கிட்டு இருக்கு.

டீச்சர் போன்ல இருந்து என் போனுக்கு அடிச்சேன், அடிச்சேன், எடுக்கவே இல்ல. பெஞ்சுக்கும் ரோட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன். கார நெனச்சா, அவள நெனச்சான்னு கேக்காதீங்க. ரெண்டுந்தான். அந்த ரோட்டுல லாரி எப்படி வரும்னு ஒங்களுக்கே தெரியும். ஒன்னேமுக்கா மணி நேரம் கழிச்சு அவளே கூப்பிட்டா. "உலகுவ ஆஸ்பத்திரில சேத்துட்டேன். மூச்சு இருக்கு. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதுல்லா, அதான் எடுக்கல. நீங்க ஓடி முடிச்சிட்டீங்களா?"ன்னா. அவ்வளவுதான். குரல் நடுங்கல. மெடலப் பத்திச் சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல.

அரை மணி நேரம் பிந்தியிருந்தா தங்கச்சி இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுவும் அவ எங்கிட்டச் சொல்லல, மஸ்கட்ல இருந்து அந்தப் பையன் போன்ல அழுதான்.

ஆச்சு, மூணு மாசம். செவ்வா, வியாழன், சனி, வாரத்துல மூணு நா தென்காசி ஆஸ்பத்திரில அந்தப் பிள்ளைக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். இவதான் கூட்டிட்டுப் போறா, கூட்டிட்டு வாரா. இவளும் வரல, காரும் வரல. நான் வீட்ல தனியா ரசம் வச்சு, அது ரசமா தண்ணியான்னு தெரியாமக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். கிரவுண்டுக்கு நடந்தே போறேன். இப்பத்தான் சாவி கெடையாதே, சொகமா ஓடலாம்லா? ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கால் போவ மாட்டேங்கு. அந்தப் பத்துப் பேரும் தெனம் கேக்காவ, "சாவியக்கா எப்ப வருவாங்க சார்?" தங்கச்சி எப்படி இருக்குன்னு ஒரு பய கேக்கல. கோவம் வந்துச்சு. அப்பறம் யோசிச்சுப் பாத்தா, அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்குன்னு நான் யார்ட்டயும் சொன்னதே இல்ல.

போன சனிக்கெழம பீரோல இருந்த ரெண்டாவது சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். சண்டைக்கு இல்ல. கார எடுத்துக்கிட்டு வந்துருவோம், காரு வந்துட்டா அவளும் வந்துதான ஆவணும்னு ஒரு கணக்கு. செங்கோட்டைல உலகு வீட்டு வாசல்ல வண்டி நிக்கி. தொடச்சு பளபளன்னு வச்சிருக்கா. கதவத் தொறந்து உக்காந்தேன். முட்டங்கால் இடிச்சுது. வழக்கம்போல சீட்டப் பின்னால தள்ளினேன்.

அந்நேரம் பாத்து உள்ள இருந்து வாராங்க. அந்தப் பிள்ள, உலகு, சக்க மாதிரி ஆயிருச்சு அண்ணாச்சி. இவ தோளப் பிடிச்சுக்கிட்டு வருது. இவ கையில தலகாணி, பிளாஸ்க், ஆஸ்பத்திரி ஃபைலு. என்னயப் பாத்தா, எங்கையில சாவியப் பாத்தா. "வண்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க, நான் ஆட்டோ சொல்லிக்கிடுதேன்"னா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் கோவமாக் கெளம்பி வந்திருப்பேன். சாதாரணமாத்தான் சொன்னா.

நான் எறங்கிட்டேன். எறங்கி, சீட்ட நானே முன்னால இழுத்து வச்சேன். பின்னால ஏறி உக்காந்துக்கிட்டேன். நல்லாத்தான் ஓட்டுதா. குழில எறக்காம ஓட்டுதா, தங்கச்சிக்கு நோவும்னு.

ஆஸ்பத்திரி வாசல்ல எடம் இல்ல. ரோட்டோரமா நிறுத்தினா ஆம்புலன்ஸ் வரும்போது நகத்தணுமாம், வாட்ச்மேன் சத்தம் போடுவாராம். இத்தன நாளும் இவ நிமிசத்துக்கொருக்கா வெளிய ஓடி வந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அன்னைக்கு முந்தியில இருந்து ஊக்க அவுத்து, சாவிய எடுத்து என் கையில வச்சா. வச்சுட்டு, "நாலு மணி நேரம் ஆவும். எங்கயும் போயிராதீங்க, இங்கயே இருங்க. நான் வந்து தேடக் கூடாது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஒரு சிமெண்டு பெஞ்சு. நாலு மணி நேரம். நாலு மணி நேரம்னா எவ்வளவு நேரம்னு எனக்கு அதுக்கு முன்னால தெரியாது அண்ணாச்சி. முதுகு வலிக்கி, முட்டி பிடிச்சுக்கிடுது, எந்திரிச்சு ஒரு டீ குடிக்கப் போனா வாட்ச்மேன், "ஏ கார் சாவிக்காரரே, எங்க போறீரு"ன்னு கூப்புடுதாரு. பேரு கேக்கல. கேக்கணும்னு அவருக்கென்ன. போறவன் வாரவன் எல்லாம் பாத்துட்டுப் போறான். ஒண்ணுமே செய்யாம ஒரு சாவியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கது ஒரு வேலையா? மனுசன் எப்படி இருப்பான் அப்படி? நீங்க சொல்லுங்க.

ஆனா அவ ஒரு நா கூட என்னய ஒண்ணும் சொன்னதில்ல. அதுதான் எனக்கு வெளங்கல. சொல்லியிருக்கலாம்லா.

செவ்வாக்கெழம போனேன், வியாழக்கெழம போனேன், இந்தா இன்னைக்கும் போறேன். யாரும் கூப்புடல. அவ சாவிய எடுத்து நீட்டுதா, நான் கைய நீட்டுதேன். எப்ப வீட்டுக்கு வருவன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கணும்னு நெனக்கேன். கேட்டா அவ என்ன சொல்லுவான்னு தெரியும். டயாலிசிஸ் முடியட்டும்பா.

அந்தா, பாவூர்சத்திரம் வந்துருச்சு. ஆலங்குளம் தாண்டியும் ஒங்களத் தூங்க விடாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.

ஷூவா? அது ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் பின்னால நல்ல ரோடு ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் வயக்காடு, வண்டியே வராது. சும்மா உக்காந்திருக்க நேரத்துல ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வந்துருவோம்னு ஒவ்வொரு தடவையும் ஷூவ மாட்டிக்கிட்டுத்தான் கெளம்புதேன். எங்க ஓட? சாவி கையில இருக்கே. யார்ட்டக் குடுத்துட்டு ஓட?